இளைப்பு நோயும் ரத்த ரிப்போர்ட்டும்: சிஓபிடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருத்துவர் இல்லை. ஈரோட்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் 20 வருடத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். என் அம்மாவுக்கு சிஓபிடி. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள், எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் இளைப்பு. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கவுண்டரிலேயே நின்று பலர் கேட்கும் கேள்விகளையும், அம்மாவுக்காக நான் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

சிஓபிடி இருக்கிறதா என்று ரத்தத்திலேயே பார்த்துவிட முடியாதா?

முடியாது. சர்க்கரைக்கு எச்பிஏ1சி இருப்பதுபோல, 'இந்த எண்ணைத் தாண்டினால் சிஓபிடி' என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை இன்று வரை கிடையாது. நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனைதான். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, சற்று நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். ஊதித் தள்ளும் மொத்தக் காற்றில் முதல் நொடியிலேயே 70 சதவீதமாவது வெளியே வந்துவிட வேண்டும். அதற்குக் குறைந்தால் பாதையில் அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

என் அம்மா பீடியைத் தொட்டவர் இல்லை. 35 வருடம் விறகடுப்பில் சமைத்தவர். 'வயசானா இளைக்கத்தான் செய்யும்' என்று சொல்லி டானிக்கும் ஊசியுமாகப் பல வருடம் ஓடிவிட்டது. ஒரு மருத்துவர் ஊத வைத்துப் பார்த்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. 2016 கணக்குப்படி இந்தியாவில் சுமார் ஐந்தரைக் கோடிப் பேருக்கு இந்த நோய். அதில் புகையே பிடிக்காத பெண்கள் ஏராளம். அதனால் ரத்தம் கொடுக்க வரும்போது நான் முதலில் கேட்பது, 'ஊதிப் பார்த்தாச்சா?'

அப்படியென்றால் ரத்தப் பரிசோதனை எதற்கு?

சிஓபிடி என்ற ஒரே பெயருக்குள் பல விதமான நோயாளிகள் இருக்கிறார்கள். ஒருவருக்கு சிகரெட், ஒருவருக்கு அடுப்புப் புகை, இன்னொருவருக்கு எப்போதோ வந்து போன காசநோய் விட்டுச் சென்ற தழும்பு. வெளியில் எல்லோருக்கும் இளைப்புதான். உள்ளே எந்த வகை அழற்சி நடக்கிறது, எந்த மருந்து யாருக்குப் பலன் தரும், திடீரென்று இளைப்பு கூடினால் அது கிருமியாலா வேறு எதனாலா என்பதைச் சொல்ல ரத்தத்தில் சில தடயங்கள் இருக்கின்றன. பயோமார்க்கர் என்பது அந்தத் தடயம்தான், தமிழில் உயிர்க்குறியீடு. ஆராய்ச்சிக்கூடங்களில் நூற்றுக்கணக்கில் தேடியிருக்கிறார்கள். அன்றாட வைத்தியத்துக்கு வந்து சேர்ந்தவை மிகச் சில. அவற்றில் முக்கியமான இரண்டும் சின்ன ஊர் லேபிலேயே கிடைப்பவை: ஈசினோஃபில் என்ற ஒரு வகை வெள்ளணு, சிஆர்பி என்ற புரதம்.

ரிப்போர்ட்டில் ஈசினோஃபில் 4 என்று இருக்கிறது. அதிகமா, குறைவா?

அது சதவீதம். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மொத்த வெள்ளணு எண்ணிக்கையோடு பெருக்க வேண்டும். வெள்ளணு 7,000 இருந்து ஈசினோஃபில் 4 சதவீதம் என்றால் 280. வெள்ளணு 12,000 இருந்தால் அதே 4 சதவீதம் 480 ஆகிவிடும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை ஈசினோஃபில் என்ற இந்த எண்ணைத்தான் 'அப்சல்யூட் ஈசினோஃபில் கவுண்ட்' என்று அச்சடிக்கிறோம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரி இல்லாவிட்டால் நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் 'கோல்ட்' வழிகாட்டி 2019-ல் இந்த எண்ணை மருந்துத் தேர்வுக்குள் கொண்டுவந்தது. 300-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, அதுவும் அடிக்கடி நோய் தீவிரமாகிறவர்களாக இருந்தால், இன்ஹேலரில் ஸ்டீராய்டு சேர்ப்பது நல்ல பலன் தரும். 100-க்குக் கீழ் என்றால் பலன் குறைவு, நிமோனியா வரும் ஆபத்துதான் கூடும். இடையில் உள்ளவர்களுக்கு எத்தனை முறை தீவிரமானது, முன்பு நிமோனியா வந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். 100, 300 என்பவை சுவர் மாதிரி நிற்கும் எல்லைகள் இல்லை. எண் ஏற ஏற ஸ்டீராய்டின் பலனும் படிப்படியாக ஏறுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு இது பெரிய விஷயம். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இருக்கும் ஒரு எண், ஒருவருக்கு ஸ்டீராய்டு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. பல வருடத்து எண்கள் உங்கள் வீட்டு ஃபைலிலேயே கிடக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

போன மாதம் 320, இந்த மாதம் 90. லேபில் தப்பாகப் பார்த்துவிட்டீர்களா?

இந்தக் கேள்வியை வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். தப்பும் நடக்கலாம். ஆனால் ஈசினோஃபில் இயல்பிலேயே ஏறி இறங்கும் அணு. இரவில் கூடி, பகலில் குறையும். காலை 7 மணிக்கும் மதியம் 12 மணிக்கும் ஒரே ஆளுக்கு ஒரே எண் வராது. எனவே எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ரத்தம் கொடுப்பது நல்லது. ஒரே ஒரு எண்ணை நம்பாமல், உடம்பு நிதானமாக இருக்கும்போது எடுத்த இரண்டு மூன்று எண்களைச் சேர்த்துப் பார்ப்பதும் அவசியம்.

அடுத்தது ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் மாத்திரையோ ஸ்டீராய்டு ஊசியோ போட்டால் சில மணி நேரத்திலேயே ஈசினோஃபில் சரிந்துவிடும். அம்மாவுக்கு ஒருமுறை ஒரு மருத்துவமனையில் இளைப்புக்கு ஊசி போட்டுவிட்டு, மறுநாள் காலை ரத்தம் எடுத்தார்கள். ஈசினோஃபில் பூஜ்யம். அதைப் பார்த்து 'இவருக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் தேவையில்லை' என்று நிறுத்திவிட்டார்கள். அடுத்த மூன்று மாதத்தில் இரண்டு முறை அட்மிஷன். நான் பழைய ரிப்போர்ட்டுகளை அடுக்கிக் கொண்டுபோய்க் காட்டினேன், அதற்கு முன் எடுத்த எல்லாவற்றிலும் 350-க்கு மேல்தான். ரத்தம் எடுத்துவிட்டு ஊசி போட்டிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. ரத்தம் கொடுக்கும்போது கடைசியாக ஸ்டீராய்டு எப்போது எடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஈசினோஃபில் 3,500 என்று வந்திருக்கிறது. இதுவும் சிஓபிடியா?

நம் நாட்டில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவே கூடாது. மேலை நாட்டு எல்லைகளை அப்படியே இங்கே பொருத்தினால் இடறிவிடுவோம். குடலில் புழு இருந்தாலும் ஈசினோஃபில் கூடும், ஒவ்வாமையிலும் கூடும். யானைக்கால் நோயைத் தரும் ஃபைலேரியா புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக உடம்பு அளவுக்கு மீறிப் பொங்கினால் 'வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியா' வரும். இரவில் விடாத இருமல், வீசிங், சில நேரம் காய்ச்சல். எண்ணிக்கை பொதுவாக 3,000-ஐத் தாண்டிவிடும். இந்த நோயை முதலில் விவரித்தவர்களில் ஃபிரிமோட் முல்லரும் பார்ட்டனும் உண்டு. அன்றைய மதராஸ் மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில், காசநோய் போலவே தெரிந்தும் காசநோயாக இல்லாத நோயாளிகளைப் பார்த்து 1940-ல் எழுதினார்கள். 1943-ல் வைன்கார்ட்டன் அதற்கு 'ட்ராபிகல் ஈசினோஃபிலியா' என்று பெயர் வைத்தார். இதற்கு மருந்து டைஎத்தில்கார்பமசின், அதாவது யானைக்கால் மாத்திரை. வெறும் இன்ஹேலரை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் தீராது.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்றொரு புழு, வெறுங்காலோடு மண்ணில் நடப்பவர்களுக்குத் தோல் வழியாக ஏறும். அது உள்ளே இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடர்ந்து கொடுத்தால் உடம்பெங்கும் பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். வயல் வேலை செய்கிறவருக்கு ஈசினோஃபில் காரணமில்லாமல் கூடியிருந்தால், ஸ்டீராய்டுக்கு முன் மலப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

'எக்ஸாசர்பேஷன்' என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

நோய் திடீரென்று கூடிப்போவது. இங்கே தீவிரம் என்று எழுதுகிறேன். இரண்டு வாரத்துக்குள் இளைப்பும் இருமலும் சளியும் வழக்கத்தைவிட மோசமாவது. 2021-ல் 'ரோம் முன்மொழிவு' என்ற பெயரில் நிபுணர்கள் இதை அளவிட ஒரு வழி சொன்னார்கள். எவ்வளவு மூச்சுத் திணறல், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, நாடி, ஆக்சிஜன் அளவு, இவற்றோடு சிஆர்பி. ரத்தத்தில் பார்க்கும் ஒரு குறியீடு தீவிரத்தின் அளவுகோலுக்குள் வந்தது முக்கியமான மாற்றம்.

ஒவ்வொரு தீவிரமும் ஒரே மாதிரி இல்லை என்பதை இங்கிலாந்தின் லெஸ்டரில் மோனா பஃபாதெல் தலைமையில் 2011-ல் வெளிவந்த ஆய்வு நன்றாகக் காட்டியது. 145 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 182 தீவிரங்களைச் சளியும் ரத்தமுமாக ஆராய்ந்தார்கள். பாக்டீரியா 55 சதவீதத்தில், வைரஸ் 29 சதவீதத்தில், சளியில் ஈசினோஃபில் 28 சதவீதத்தில். சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருந்தன. இன்னும் ஒரு கூட்டத்தில் அழற்சி பெரிதாக எதுவுமே இல்லை. பாக்டீரியா வகையைக் காட்டிக்கொடுத்தது சளியில் இன்டர்லூக்கின்-1 பீட்டா, வைரஸ் வகையை ரத்தத்தில் சிஎக்ஸ்சிஎல்10 என்ற புரதம், மூன்றாவது வகையை ரத்த ஈசினோஃபில். முதல் இரண்டும் சாதாரண லேபுக்கு வரவில்லை. மூன்றாவது எல்லா லேபிலும் இருக்கிறது.

ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று சிஆர்பி சொல்லுமா?

மருத்துவர் முடிவெடுக்க நன்றாகவே உதவும். சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருந்தால் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடும் புரதம். 2019-ல் வெளியான 'பேஸ்' ஆய்வில் இங்கிலாந்து, வேல்ஸ் கிளினிக்குகளில் தீவிரத்தோடு வந்த 653 பேரில் ஒரு பாதிக்கு விரலில் குத்தி உடனே சிஆர்பி பார்த்தார்கள். 20-க்குக் கீழ் என்றால் ஆன்டிபயாடிக்கால் பலன் வர வாய்ப்பில்லை, 20 முதல் 40 வரை சளி சீழ் போல இருந்தால் யோசிக்கலாம், 40-க்கு மேல் பலன் வரக்கூடும் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டினார்கள். வழக்கமான முறையில் 77 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டார்கள், சிஆர்பி பார்த்தவர்களில் 57 சதவீதம்தான். ஆன்டிபயாடிக் குறைந்ததால் நோயாளிகளின் நிலை மோசமாகவில்லை.

இளைப்பு கூடினாலே நேராக மருந்துக்கடைக்குப் போய் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை வாங்குவது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கம் என்னை உறுத்துகிறது. நிஜமாகவே கிருமி தாக்கும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போனால், அம்மா மாதிரி ஆட்களுக்கு வேறு வழி குறைவு.

ஒரு லேபில் சிஆர்பி 4, இன்னொன்றில் 40. எதை நம்புவது?

அலகைப் பாருங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 4 மில்லிகிராம் என்றாலும் ஒரு லிட்டருக்கு 40 மில்லிகிராம் என்றாலும் ஒரே அளவுதான். மேலே சொன்ன 20, 40 எல்லாம் லிட்டர் கணக்கு. அலகைப் பார்க்காமல் '4தான், நார்மல்' என்று வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சளி பச்சையாக வந்தால் கிருமி என்று அர்த்தமா?

பெரும்பாலும் அப்படித்தான், இதற்கு லேப் கூடத் தேவையில்லை. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களில் மயெலோபெராக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது, அதன் நிறமே பச்சை. கிருமியோடு சண்டை போட அந்த அணுக்கள் சளியில் குவியும்போது சளி பச்சையாகிறது. கனடாவின் வின்னிபெக்கில் ஆந்தோனிசன் குழு 1987-ல் சொன்ன மூன்று அறிகுறிகளை இன்றும் மருத்துவர்கள் கேட்கிறார்கள்: இளைப்பு கூடியதா, சளியின் அளவு கூடியதா, நிறம் மாறியதா. வெள்ளைக் கைக்குட்டையில் துப்பிப் பார்த்துவிட்டுப் போனால் பதில் சொல்ல எளிது. சளியில் ரத்தமோ, வாரக்கணக்கில் விடாத இருமலோ, எடை குறைவோ இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை கட்டாயம்.

புரோகால்சிடோனின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விலை அதிகமாக இருக்கிறதே?

பாக்டீரியாத் தொற்றில் கூடும் இன்னொரு குறியீடு இது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2007-ல் நடந்த ஆய்வில் இதைப் பார்த்து ஆன்டிபயாடிக்கைக் குறைக்க முடிந்தது. ஆனால் ஐசியூவில் இருப்பவருக்கு இந்த எண் குறைவு என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது பாதுகாப்பு இல்லை. சாதாரணத் தீவிரத்துக்கு சிஆர்பியும் சளி நிறமும் பல நேரம் போதும்.

தீவிரம் வந்தால் எல்லோருக்கும் ஸ்டீராய்டு மாத்திரை தேவையா?

இதுவரை எல்லோருக்கும் கொடுப்பதுதான் வழக்கம். எத்தனை நாள் என்பதில் தெளிவு வந்துவிட்டது: தினம் 40 மில்லிகிராம், 5 நாள். 14 நாள் கொடுத்ததைவிட இது மோசமில்லை என்று சுவிட்சர்லாந்து ஆய்வு 2013-ல் காட்டியது. மீதி மாத்திரையை எடுத்து வைத்து அடுத்த முறை நாமாகவே சாப்பிடுவது எலும்பையும் சர்க்கரையையும் பதம் பார்க்கும்.

யாருக்கு என்பதில்தான் இப்போது வேலை நடக்கிறது. அந்த நேரத்து ரத்தத்தில் ஈசினோஃபில் 2 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பவர்களுக்கு ஸ்டீராய்டு இல்லாமலே சமாளிக்கலாமா என்று பஃபாதெல் குழு சோதித்தது. முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் இன்னும் எல்லா இடத்திலும் நடைமுறையாகவில்லை. அதே குழு 2024-ல் வெளியிட்ட 'ஆப்ரா' ஆய்வில், ஈசினோஃபில் வகைத் தீவிரத்தோடு வந்த ஆஸ்துமா, சிஓபிடி நோயாளிகளுக்கு ஈசினோஃபிலைக் குறைக்கும் பென்ராலிசுமாப் ஊசி கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாளில் சிகிச்சை பலிக்காமல் போனவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 74 சதவீதம், ஊசி போட்டவர்களில் 45 சதவீதம்.

அப்போது சிஓபிடிக்கு ஊசி மருந்து வந்துவிட்டதா?

டூபிலுமாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் சிஓபிடிக்காக அனுமதி கிடைத்தது. ஈசினோஃபில் 300-க்குக் குறையாமல் இருந்து, மூன்று மருந்து சேர்ந்த இன்ஹேலரிலும் கட்டுப்படாதவர்களிடம்தான் அது சோதிக்கப்பட்டது. தீவிரங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. விலை மிக அதிகம். இன்ஹேலரைச் சரியாக இழுக்கப் பழகாமல் ஊசியைப் பற்றிப் பேசுவதில் பலன் இல்லை.

இதயப் பரிசோதனைகளை ஏன் எழுதுகிறார்கள்? இளைப்பு நுரையீரலில்தானே?

மூச்சு வாங்குவது இதயத்தாலும் இருக்கலாம். புகை இரண்டையும்தான் கெடுக்கிறது. பிஎன்பி வகை எண் கூடினால் இதயம் திணறுகிறது, ட்ரோபோனின் கூடினால் இதயத் தசைக்குச் சேதம் என்று சந்தேகிக்கலாம். டி-டைமர் நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்குமோ என்று சந்தேகம் வரும்போது. பிரான்சில் மூச்சுத் திணறல் கூடி அட்மிட் ஆன 740 சிஓபிடி நோயாளிகளைச் சோதித்ததில் சுமார் 6 சதவீதம் பேருக்கு அப்படிக் கட்டி இருந்தது. இந்தச் செலவை வீண் என்று நினைக்காதீர்கள்.

அடுத்த தீவிரம் எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை உண்டா?

நிறையத் தேடினார்கள். ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் கூடியிருப்பவர்களுக்குத் தீவிரமும் மரணமும் அதிகம் என்று தெரிந்து, மருந்து ஆய்வுகளுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2015-ல் ஏற்றுக்கொண்டது. ஆனால் தனி ஒருவருக்கு நாள் குறித்துச் சொல்ல அதனால் முடியாது.

'எக்லிப்ஸ்' என்ற பெரிய ஆய்வில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை மூன்று வருடம் பின்தொடர்ந்தார்கள். 2010-ல் வந்த முடிவுப்படி, அடுத்த தீவிரத்தை எல்லாவற்றையும்விட நன்றாகக் கணித்தது ரத்தத்தில் இருந்த எதுவும் இல்லை. போன வருடம் எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கைதான். லேபில் வேலை பார்த்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்: ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் இளைப்பு கூடியது, சளி என்ன நிறம், என்ன மருந்து, எத்தனை நாளில் சரியானது, அன்றைய ஈசினோஃபில், சிஆர்பி எவ்வளவு. அம்மாவின் நோட்டைப் புரட்டியபோதுதான் அவருக்கு மார்கழியில் இரண்டு வருடம் தொடர்ந்து வந்தது எங்கள் கண்ணில் பட்டது. இப்போது அதற்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடுகிறோம்.

ஆல்பா-1 ஆன்டிட்ரிப்சின் என்றால் என்ன?

கல்லீரல் தயாரிக்கும் ஒரு காவல் புரதம். வெள்ளணுக்கள் விடும் நொதி நுரையீரலையே அரித்துவிடாமல் தடுக்கிறது. சுவீடனின் மால்மோவில் லாரெல், எரிக்சன் இருவரும் 1963-ல், ரத்தப் புரதங்களைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்த்தபோது, சில நோயாளிகளுக்கு இந்தப் புரதத்துக்கான பட்டை இல்லாததைக் கவனித்தார்கள். அப்படி இருந்த ஐந்து பேரில் மூவருக்கு நுரையீரல் நோய். பரம்பரையாக வரும் இந்தக் குறை ஐரோப்பிய வம்சத்தில் அதிகம், நம்மிடம் அரிது. சின்ன வயதிலேயே சிஓபிடி வந்தவர்கள், குடும்பத்தில் நுரையீரல் அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்கள் கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது பாருங்கள், அழற்சி நேரத்தில் இது கூடிக் காட்டும்.

வைட்டமின் டி மாத்திரை தீவிரத்தைக் குறைக்குமா?

ரத்தத்தில் வைட்டமின் டி மிகவும் குறைவாக, அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் தீவிரத்தைக் குறைத்தது. மற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

எப்போது எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்கக் கூடாது?

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலமானால், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 88-க்குக் கீழ் போனால், குழப்பமாகப் பேசினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பார்க்க வேண்டிய முக்கியமான பரிசோதனை தமனி ரத்த வாயு. கார்பன் டைஆக்சைடு தேங்கி ரத்தம் அமிலமாகியிருந்தால், அதாவது பிஎச் 7.35-க்குக் கீழ் இருந்தால், முகமூடி வழியாகக் காற்று தரும் பைபாப் எந்திரம் உயிரைக் காப்பாற்றும். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது என்று முழுதாகத் திறந்துவிடாதீர்கள். சிஓபிடிக்கு 88 முதல் 92 வரை போதும், கூடினால் கார்பன் டைஆக்சைடு இன்னும் தேங்கும்.

ராத்திரி முழுக்க இளைத்துக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் விடியற்காலை அமைதியானார். 'அப்பாடா, தூங்குறாங்க' என்று நாங்களும் படுத்துவிட்டோம். அது தூக்கம் இல்லை, கார்பன் டைஆக்சைடு மயக்கம். என் தங்கை காபி கொடுக்க எழுப்பியதால் தெரிந்தது. இளைப்போடு இருந்தவர் திடீரென்று அசந்து தூங்கினால் தட்டி எழுப்பிப் பாருங்கள். எழுந்து சரியாகப் பதில் சொல்லாவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.